எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’

தாரணியின் வேலை கேள்வி கேட்பது. கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு மருந்துக் கம்பெனியின் மூன்றாவது மாடியில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் அதே இருபத்தாறு கேள்விகளைக் கேட்பாள். மற்ற அழைப்புகளையெல்லாம் இயந்திரக் குரல்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. புது மருந்து சாப்பிடுகிறவர்களிடம் பக்கவிளைவு விசாரிப்பதை மட்டும் மனிதர்தான் செய்ய வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில் அவளுக்கு அந்த நாற்காலி மிஞ்சியிருந்தது.

மருந்தின் பெயர் நிசாரில். எத்தனை மாத்திரை மாற்றினாலும் அடங்காத வலிப்பு உள்ளவர்களுக்கென்றே வந்த மருந்து. அதற்கு முன் வந்தவை பத்துப் பேரில் இரண்டு பேருக்கு, மிஞ்சினால் மூன்று பேருக்கு வலிப்பை நிறுத்தின. நிசாரில் ஒன்பது பேருக்கு நிறுத்தியது. ‘தலைவலித் தொந்தரவு உண்டா? வயிற்றுத் தொந்தரவு உண்டா? தூக்கத்தில் தொந்தரவு உண்டா?’ என்று தாரணி வரிசையாகக் கேட்பாள். இல்லை, இல்லை, இல்லை என்று வரிசையாகப் பதில் வரும். முடிக்கப் போகும்போது பக்கத்திலிருந்து ஓர் அம்மாவோ மனைவியோ போனை வாங்கி, “உங்க கம்பெனி நல்லா இருக்கோணும்ங்க” என்பார்கள். சிலர் அதைச் சொல்ல முடியாமல் அழுவார்கள்.

தாரணிக்கு இது அலுத்ததே இல்லை. மருந்து சாப்பிட்ட ஆயிரத்து நூறு பேரில் அவள் தம்பி சபரிநாதனும் ஒருவன்.

சபரிக்கு ஒன்பது வயதில் தொடங்கியது. பள்ளிக்கூடப் பிரேயரில் நின்றுகொண்டிருந்தவன் வெட்டிய மரம் மாதிரி விழுந்தான். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா சென்னியப்பன் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் அச்சுப் போடுகிற மோல்டர். விடிந்தால் போய் இருட்டினால் வருவார். இருபது வயது தாரணிதான் தம்பியைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைந்தாள். இருபத்தோரு வருடத்தில் பதினோரு மருந்துகள். ஒன்றில் உடம்பெல்லாம் தடித்துத் தோல் உரிந்தது. ஒன்றில் நாக்குக் குழறியது. ஒன்றில் காரணமில்லாமல் கோபம் வந்து வீட்டுச் சாமான்களைப் போட்டு உடைத்தான். வலிப்பு மட்டும் எதற்கும் மசியவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. மூளையின் இரண்டு பக்கமும் கிளம்புவதால் அறுவை செய்ய முடியாது என்றார்கள். தாரணியைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு தரம் அவன் கீழே விழுந்ததைப் பார்த்துவிட்டு, காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அதற்குப் பிறகு அவள் யாரையும் வரச் சொல்லவில்லை.

முப்பது வயதில் சபரி நிசாரில் சாப்பிட ஆரம்பித்தான். மூன்றாம் வாரம் வலிப்பு நின்றது. அதற்குப் பிறகு இரண்டு வருடம், ஒன்றுகூட இல்லை. சுழலுகிற எந்திரம் பக்கமே போகக் கூடாது என்று வளர்த்த பிள்ளை, கணபதியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டப் போனான். மோட்டார் பம்புக்குத் தண்டு கடைவதில் கைதேர்ந்துவிட்டான் என்று பட்டறைக்காரர் சொன்ன அன்று, சென்னியப்பன் வீட்டு வாசலில் நின்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். ஆறு மாதம் கழித்து அவர் மாரடைப்பில் போனார். சபரி எல்லாவற்றையும் நிதானமாகச் செய்தான். ஆட்களுக்குச் சொன்னான், மின்மயானத்தில் கையெழுத்துப் போட்டான், வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு வயிறாரச் சாப்பிட்டான். பையன் கல்லாட்டம் நிற்கிறான் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். தாரணியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

அப்பா போய் எட்டு மாதம் ஆனபோது அந்த அழைப்பு நேர்ந்தது. அழைத்தது தாரணிதான், வழக்கமான மாத விசாரிப்புக்கு. காங்கயத்தில் ரங்கராஜ் என்ற விசைத்தறி மெக்கானிக்கின் எண். மனைவி பூங்கொடி எடுத்தாள்.

“அவரு இல்லீங்க. போயிட்டாரு. இன்னியோட பத்து நாளாச்சுங்க.”

தாரணி திரையில் ‘மரணம்’ என்ற கட்டத்தைத் தேடிக்கொண்டே, எப்படி நடந்தது என்று விசாரித்தாள்.

“குடல்வால் வெடிச்சுப் போச்சுன்னாங்க. உள்ள பூரா சீழுன்னாங்க. எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. தெனமும் வேலைக்குப் போனாரு, வந்தாரு. தண்ணி குடுக்கையில கை பட்டுச்சு, நெருப்பாட்டச் சுட்டுது. அப்பறந்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன்.”

“வயித்து வலின்னு அவரு ஒண்ணுமே சொல்லலீங்களா?”

“அதாங்க எனக்கு இன்னும் ஆறல. டாக்டர் கேக்கறாரு, வயிறு வலிக்குதான்னு. ஆமாங்க, நாலு நாளா நல்லா வலிக்குதுங்கறாரு. ஏன்யா சொல்லலேன்னு நான் கேக்கறேன். யாரும் கேக்கலியேங்கறாரு. சிரிச்ச மாதிரிதான் சொன்னாரு.”  பிறகு, “போன மாசம் நீங்க கூப்புட்டீங்கல்லங்க, அப்பவும் தொந்தரவு ஒண்ணுமில்லைன்னுதான சொன்னாரு?” என்றாள்.

“ஆமாங்க.”

“அவரு பொய் சொல்ல மாட்டாருங்க.”

படிவத்தில் அடுத்த கட்டம்: மரணத்துக்கும் மருந்துக்கும் தொடர்பு உண்டா? குடல்வால் வெடித்துச் செத்தவருக்கு வலிப்பு மாத்திரையோடு என்ன தொடர்பு? தாரணி ‘இல்லை’ என்று குறித்தாள். குறித்த பிறகு விரல் திரையிலேயே நின்றது. இதே மாதிரி முன்பும் குறித்த ஞாபகம்.

தேடினாள். இரண்டு வருடத்தில் இது நான்காவது. உடுமலையில் ஒரு பெண், கால் புண் புரையோடி. சத்தியமங்கலத்தில் ஒருவர், நெஞ்சு அடைத்து மூன்று நாள் கழித்து. அவிநாசியில் ஒரு கல்லூரி மாணவி, மூளைக்காய்ச்சல். தலைவலி என்று வாயே திறக்கவில்லை. நான்கிலும் ‘தொடர்பு இல்லை’. அதில் இரண்டு அவள் கையால் குறித்தவை.

அன்று மதியம் அவள் சாப்பிடப் போகவில்லை. மொத்தக் கோப்பையும் எடுத்துத் தலைவலி என்ற ஒரு வரிசையை மட்டும் பார்த்தாள். ஆயிரத்து நூறு பேர், இரண்டு வருடம், மாதம் ஒரு அழைப்பு. தலைவலி என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. ஆரம்பச் சோதனையில் மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை விழுங்கியவர்களில்கூட நூற்றுக்குப் பதினாறு பேர் தலைவலிக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். தலை இருக்கிறவனுக்கு இரண்டு வருடத்தில் ஒரு நாளாவது வலிக்காதா? இந்த வெற்று வரிசையைக் காட்டித்தான் இதைவிடப் பாதுகாப்பான மருந்து இல்லை என்று கம்பெனி சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள். ‘தொந்தரவு உண்டா’ என்ற சொல்லை விட்டுவிட்டு, “உடம்புல எங்கியாச்சும் வலி இருக்குதுங்களா? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க” என்றாள்.

நாற்பது பேரில் பத்தொன்பது பேர் இருக்கிறது என்றார்கள். கடைக்குப் போய் வாங்கி வர வேண்டியதைச் சொல்வதுபோலச் சொன்னார்கள். முழங்காலில், ஒரு மாதமாக. கதவில் நசுங்கிய விரலில், நகம் விழுந்துவிட்டது. சிறுநீர் போகும்போது. பல்லில். நெஞ்சில், மாடி ஏறினால்.

“இது உங்களுக்குத் தொந்தரவா இல்லீங்களா?”

“வலிக்குதுங்க. தொந்தரவு ஒண்ணுமில்லீங்க.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சபரியிடம் கேட்டாள். டிவி பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பி யோசித்துவிட்டு, “இடது கால் கட்டை விரல்” என்றான்.

காலுறையைக் கழற்றினாள். விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, நகத்தடியில் சீழ் கட்டியிருந்தது. காலுறை பிய்த்துக்கொண்டு வந்தது. அவன் காலை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை.

“எப்படா ஆச்சு?”

“லேத்துல இரும்பைப் புடிக்கற சக்கைக் கழட்டறப்ப கால்ல விழுந்துச்சு. பன்னெண்டு நாளாச்சு.”

“வலிக்கலியா உனக்கு?”

“வலிக்குதுக்கா. நல்லாவே வலிக்குது. ஆனா அது எதுத்த ஊட்ல யாருக்கோ வலிக்கறாப்ல இருக்குது.”

எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. கட்டுப் போட்டு முடிந்ததுமே, இரண்டு வருடமாக அவனைப் பார்த்துவரும் நரம்பியல் டாக்டர் மெஹருன்னிசாவிடம் தாரணி அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். காங்கயத்தில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“தாரணி, உடம்புல ஒண்ணு நடந்தா மூளையில ரெண்டு வேலை நடக்குது. இங்க அடிபட்டிருக்குன்னு ஒரு எடம் சொல்லுது. ஐயோ, இதைக் கவனின்னு இன்னொரு எடம் சொல்லுது. முதல் எடம் உங்க தம்பிக்கு நல்லா இருக்கு. ரெண்டாவது எடம் தூங்குது.”

“மாத்திரையாலயா?”

“வலிப்பு பரவுறதும் அந்த எடத்து வழியாத்தான்னு நெனைக்கிறேன். வழியை அடைச்சதுல வலிப்பும் நின்னுது, இதுவும் நின்னுது. என் தப்பும் இருக்கு. எப்படி இருக்கீங்கன்னு கேட்டேன். நல்லா இருக்கேன்னு சொன்னாங்க. எழுதிக்கிட்டேன்.”

“டோஸைக் குறைச்சா?”

“குறைச்சா ரெண்டும் சேந்தே திரும்பும்.”

தாரணி பக்கத்து நாற்காலியில் இருந்த தம்பியைப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு வேறொன்று தோன்றியது. தோன்றியதும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“சபரி, அப்பா செத்தப்ப உனக்கு எப்படிடா இருந்துச்சு?”

அவன் நேர்மையாக யோசித்தான். “அழோணும்னு தெரிஞ்சுதுக்கா. அழுகை வரல. அதுவும் ஒண்ணும் தொந்தரவா இல்ல.”

அலுவலகத்தில் தாரணிக்கு மேலே சுரேந்தர் என்ற மேலாளர் இருந்தார். கெட்டவர் இல்லை. அவள் கொண்டுபோன தாள்களை இரண்டு தடவை படித்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“கேள்வியை மாத்திருவோம் மேடம். தொந்தரவுங்கறதை எடுத்துட்டு வலின்னு போட்டுருவோம். அடுத்த மாசத்துல இருந்து எல்லாருக்கும் அப்படியே கேப்போம். யாரும் சாக மாட்டாங்க.”

“செத்த நாலு பேரு?”

“அதைத் திருத்தி அனுப்புனா அரசாங்கம் மருந்தை நிறுத்தும். இந்த ஆயிரம் பேரும் பழையபடி ரோட்டுல விழுவாங்க. உங்க தம்பி லேத்து மேலயே விழலாம். நீங்க எதுக்காக இந்த வேலைல சேந்தீங்கன்னு எனக்குத் தெரியும். யோசிச்சுச் செய்யுங்க. நான் தடுக்க மாட்டேன்.”

இரண்டு நாள் யோசித்தாள். பூங்கொடி சொன்னது காதை விட்டுப் போகவில்லை. நிறைய வீடுகளில் இப்போதும் யாரோ ஒருவர் வெந்த கையோடும் உடைந்த காலோடும் நல்லா இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருப்பார். மாதம் ஒரு தடவை கேட்டால் போதுமா? ரங்கராஜுக்கு நாலே நாள்தான் ஆனது. வலியைக் கேட்டு வாங்கிவிடலாம். பயத்தை எப்படிக் கேட்டு வாங்குவது?

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொன்னால் மருந்து நிற்கும், வலிப்பு திரும்பும், பட்டறை வேலை போகும், வலிப்பிலேயே உயிர் போகவும் போகலாம் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவன் முழுதாகக் கேட்டான்.

“சொல்லிரு. செத்தவங்களுக்குச் செய்ய வேண்டியதுதான?”

“உனக்குப் பயமா இல்லியா?”

“இல்லக்கா.”

அவன் முகத்தில் பயமே இல்லைதான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலை நான்கு படிவங்களையும் திருத்தி, அரசாங்க மருந்துக் கட்டுப்பாட்டுக்கு அனுப்பினாள்.

ஐந்தாம் வாரம் நிசாரில் நிறுத்தப்பட்டது. திடீரென்று விட்டால் ஆபத்து என்பதால் ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார்கள். மூன்றாவது வாரம் சபரி காலை நொண்ட ஆரம்பித்தான். பல் தேய்க்கும்போது முகம் சுளித்தான். காபி ஆறிப்போயிருக்கிறது என்று சலித்துக்கொண்டான். அந்தச் சலிப்பைக் கேட்டு தாரணிக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நாலாவது வாரம், பகல் பதினொரு மணிக்குப் பட்டறைக்காரர் போன் செய்தார். “அம்மிணி, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? வலிப்பெல்லாம் இல்ல. தம்பி அழுதுட்டே இருக்குது.”

ஆட்டோ பிடித்துப் போனாள். லேத்தை நிறுத்தியிருந்தார்கள். இரும்புச் சீவல்களுக்கு நடுவே, எண்ணெய்க் கையோடு, சபரி தரையில் உட்கார்ந்திருந்தான். மற்ற ஆட்கள் என்ன செய்வது என்று தெரியாமல் சுவரோரம் நின்றார்கள். பக்கத்துப் பவுண்டரியில் உருக்கிய இரும்பை ஊற்றுகிற வாசம் வந்ததாம். அப்பா சட்டை வாசம் அது. அந்த இடத்திலேயே உடைந்துபோயிருந்தான்.

“அப்பாவை உள்ள தள்ளறப்ப நான் அங்கியேதான் நின்னேன். மணி என்னன்னு பாத்தேங்க்கா. நான் மணி பாத்தேன்.”

அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பட்டறைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தாரணி அவன் பக்கத்தில் சீவல் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அப்பா இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. அவனுக்கு அன்றுதான் அப்பா இறந்தார்.

அழுகை மூன்று நாள் ஓடியது. அதற்குப் பிறகு பயம் வந்தது. இன்னும் எத்தனை மாத்திரை மிச்சம் என்று அட்டையைத் தடவித் தடவி எண்ணினான். ஒரு நாள் காலை, அவள் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஏங்க்கா சொன்ன? என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல?”

“கேட்டேனேடா. சரின்னு நீதான சொன்ன?”

“அது நான் இல்ல.” குரல் உயரவில்லை. “அவனுக்கு எது போனாலும் ஒண்ணுமில்ல. அவன்கிட்டப் போயி என் வாழ்க்கையைக் கேட்டிருக்கற.”

 அவனிடம் கேட்கும்போதே மனசின் ஒரு மூலையில் அது தெரிந்திருந்ததோ என்று தாரணி பின்னாட்களில் பல தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். தெரிந்துதான் இருக்க வேண்டும் என்று பட்டது.

மாத்திரை தீர்ந்த ஒன்பதாம் நாள் வலிப்பு வந்தது. குளியலறைத் தரையில் விழுந்து தாடை கிழிந்தது. பிறகு பழைய கணக்கு, வாரத்துக்கு மூன்று. பட்டறைக்காரர் நல்ல மனிதர். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் சாமான் எண்ணுகிற வேலை தருகிறேன் என்றார். சபரி போகவில்லை.

தாரணிக்கு அலுவலகத்தில் இப்போது அழைப்புகள் உள்ளே வந்தன. அவள் பெயர் எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. திருப்பூரிலிருந்து ஒரு தாய், மகளுக்குப் பேசி முடித்த கல்யாணம் நின்றதைச் சொல்லிவிட்டு, “உனக்குத் திருப்தியா?” என்று கேட்டு வைத்தாள். ஒருவர் பேசவே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. பூங்கொடி ஒரு தடவை அழைத்து, நீங்களாவது கேட்டீர்களே என்றாள். மருந்து நின்ற ஏழு மாதத்தில் வலிப்பால் ஒன்பது பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில், வலி உறைக்காமல் இறந்தவர்கள் நான்கு. இந்த இரண்டு எண்களையும் சுரேந்தர் அவளிடம் ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. அவளுக்கே தெரியும்.

எட்டாவது மாதம் நிசாரிலுக்கு மறுபடி அனுமதி வந்தது. நிபந்தனைகள் இருந்தன. மருந்து சாப்பிடுகிறவர் உடம்பை வீட்டில் ஒருவர் தினமும் தலை முதல் கால் வரை பார்க்க வேண்டும்; இங்கே வலிக்கிறதா, அங்கே வலிக்கிறதா என்று இடத்தின் பேர் சொல்லிக் கேட்க வேண்டும். நோயாளியின் சம்மதத்தை, குறைந்தது நாற்பது நாள் மருந்தில்லாமல் இருந்த பிறகே வாங்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையை எழுதிக் கொடுத்தவர்களில் டாக்டர் மெஹருன்னிசாவும் ஒருவர். அதை அவருக்குச் சொன்னது தாரணி.

டாக்டர் அறையில் சபரி தாளை வரி வரியாகப் படித்தான். நெற்றியில் புதுத் தையல் இருந்தது. “இதைச் சாப்பிட்டா நீங்க யாரையும் நேசிக்க மாட்டீங்கன்னு அர்த்தம் இல்ல” என்றார் டாக்டர். “நேசம் இருக்கும். இல்லாமப் போறப்ப உறைக்காது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

“லேத்து ஓட்டலாங்களா?”

“ஓட்டலாம்.”

தாளை முதலிலிருந்து மறுபடி ஒரு தரம் படித்தான். பயந்துகொண்டேதான் கையெழுத்துப் போட்டான்.  வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் சொல்கிற தகுதி தனக்கு இல்லை என்று தாரணி இருந்தாள்.

வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். தண்ணீர் கொண்டுவரட்டுமா என்றாள்.

“நாளைக்கு ஆரம்பிக்கறேன். ஒரு வேலை பாக்கி இருக்குது.”

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தான். தாரணி நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் வந்து அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

“நீ என்னைய விடப் பதினோரு வயசு மூப்பு. எனக்கு முன்னாடி போயிருவ.”

“இப்ப எதுக்குடா அது?”

“அன்னிக்கு நான் நல்லா நிப்பேன். எல்லாருக்கும் போன் பண்ணுவேன், கையெழுத்துப் போடுவேன், வந்து சோறு திம்பேன். மணி பாப்பேன்.” அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். “அதனால இப்பவே அழுதர்றேன். நீ பேசாம இரு.”

அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டான். முதலில் சத்தமே இல்லை. முதுகு மட்டும் குலுங்கியது. அவரைக்காய்த் தட்டு கீழே சரிந்தது. அவள் எடுக்கவில்லை.

“காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல விழுந்தேனே, பதினேழு வயசுல. பேண்டெல்லாம் நனைஞ்சு போச்சு. சுத்தி நின்னு பாத்தாங்க. நீ தண்ணி பாட்டிலைத் தொறந்து உன் சுடிதார் மேல ஊத்திக்கிட்ட. என் மேலயும் ஊத்துன. பாட்டில் கொட்டிருச்சுங்கன்னு எல்லாத்துகிட்டயும் சொன்ன. நாம ரெண்டு பேரும் நனைஞ்சுட்டே ஊட்டுக்கு வந்தோம்.”

“உனக்கு அப்ப நெனவில்லைன்னு நெனச்சேன்.”

“வந்துட்டு இருந்துச்சுக்கா.”

அப்புறம் அவனால் பேச முடியவில்லை. ஒரு சாவு வீட்டில் அழுவதுபோல, அக்கா அக்கா என்று அழுதான். உயிரோடு உட்கார்ந்திருந்த தாரணி, தனக்காக அழுகிற அழுகையைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் ஈரத்தலையில் கையை வைத்திருந்தாள். அவள் அழவில்லை; இது அவனுடைய முறை, குறுக்கே போகக் கூடாது என்று தோன்றியது. வெளியே குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து, நின்று, போனது.

முடிந்ததும் எழுந்துபோய் முகம் கழுவினான். அட்டையைப் பிரித்து ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். கீழே கிடந்த அவரைக்காய்களைப் பொறுக்கித் தட்டில் போட்டான்.

மருந்து முழுதாகப் பிடிக்க இரண்டு வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாரணி இரண்டு வாரம் விடுப்புப் போட்டாள். இரண்டு பேரும் எங்கேயும் போகவில்லை. தினமும் அவள் சமைத்தாள், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஐந்தாம் நாள், குழம்பில் புளி தூக்கல் என்றான். எட்டாம் நாள், சோறு குழைந்துவிட்டது என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். அன்று மதியம் வலிப்பு வந்தது, லேசாக, அதுதான் கடைசி. பத்தாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாளும் சொல்லவில்லை.

பதின்மூன்றாம் நாள் அவள் பருப்பிலும் பொரியலிலும் ரசத்திலும் வேண்டுமென்றே உப்புப் போடவில்லை. இலை போட்டுப் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். சபரி பிசைந்து ஒரு வாய் வைத்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சாப்பிட்டான். ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டான். இலையை வழித்து மடித்துவிட்டு எழுந்தான்.

“நல்லா இருந்துச்சுக்கா” என்றான்.